நிலம் வாங்கும் முன்பும் வேலி போடும் முன்பும்: தமிழ்நாட்டில் நில அளவை முழுமையான வழிகாட்டி

பத்திரத்தில் 12 சென்ட். பட்டாவில் 4.50 ஏர், அதாவது 11.12 சென்ட். வேலிக்குள் டேப் பிடித்தால் பத்தே முக்கால் சென்ட். தமிழ்நாட்டில் நிலம் வாங்குகிற பலரும் பார்க்கும் கணக்கு இது. மூன்றும் ஒத்துப்போகிற மனை கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். ஒத்துப்போகாதபோது எதை நம்புவது, யாரைக் கூப்பிட்டு அளப்பது, அளக்கிறவர் சரியாகத்தான் அளக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நில அளவை உங்கள் எல்லை எங்கே போகிறது என்றுதான் சொல்லும். நிலம் யாருக்குச் சொந்தம் என்று சொல்லாது. பட்டா வருவாய்த் துறையின் பதிவு, உரிமைக்கு ஒரு துணை ஆதாரம், அவ்வளவுதான். உரிமைத் தகராறுக்குச் சர்வேயரைக் கூப்பிடுவதும் எல்லைத் தகராறுக்கு வக்கீலைத் தேடி ஓடுவதும் காலத்தையும் பணத்தையும் தின்கிற இரண்டு பழக்கங்கள்.

படி 1: காகிதங்களைச் சேர்ப்பது

சர்வேயருக்குப் போன் போடும் முன் இவை கையில் இருக்க வேண்டும்:

- விற்பவரின் கிரயப் பத்திரமும், 1980-களுக்கு முந்தைய ஒரு மூலப் பத்திரமாவதும்
- பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு (கிராமத்தின் நிலங்களைப் புல எண் வாரியாகப் பட்டியலிடும் பதிவேடு) நகல். நகர நில அளவை முடிந்த ஊரென்றால் டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகல்
- புலப்படம் (எஃப்.எம்.பி.), அதாவது ஒரு புல எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் அரசு வரைபடம். உங்கள் புல எண்ணுக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள புல எண்களுக்கும்
- கிராம வரைபடம்
- வில்லங்கச் சான்று
- மனைப்பிரிவு என்றால் டி.டி.சி.பி. (நகர ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அங்கீகரித்த வரைபடம்

பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம், டி.எஸ்.எல்.ஆர். எல்லாம் தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' நிலப் பதிவேட்டு இணையதளத்தில் கிடைக்கும். வில்லங்கச் சான்று பதிவுத் துறைத் தளத்தில். அதே நிலப் பதிவேட்டுத் தளத்தில் ஒரு புல எண் அரசுப் புறம்போக்கா என்று பார்க்கவும் வசதி உண்டு. இரண்டு நிமிட வேலை, ஆனால் நிறையப் பேர் இதைச் செய்வதில்லை.

பக்கத்துப் புல எண்களின் புலப்படம் எதற்கு என்று கேட்கலாம். உங்கள் நிலத்தின் கிழக்கு எல்லை புலத்தின் ஓரமாகவும் இருந்தால், அந்தக் கோடு பக்கத்துப் புலப்படத்திலும் வரும். இரண்டிலும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒன்றில் 64.2 மீட்டர், இன்னொன்றில் 61.8 மீட்டர் என்றிருந்தால், தகராறின் வேரைச் செலவில்லாமல் வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

பழைய பத்திரத்தின் புல எண் இன்றைய எண்ணோடு பொருந்தாமல் இருப்பது சாதாரணம். 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், பேச்சுவழக்கில் யு.டி.ஆர்., உட்பிரிவுகள் பெருமளவில் புதிதாக எழுதப்பட்டன. 45/2 என்றிருந்தது 45/2ஏ, 45/2பி என்று உடைந்திருக்கும். நகரமானால் எண்ணே மாறி வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர நில அளவை எண்) என்றாகியிருக்கும். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் ஒப்பீட்டுப் பதிவு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் 'இதுதான் அது' என்று விற்பவர் விரல் நீட்டுவதை வைத்து அளந்தால், பக்கத்துக்காரர் நிலத்தை மிகத் துல்லியமாக அளந்து முடிப்பீர்கள்.

படி 2: அலகுகளை ஒரே மொழிக்குக் கொண்டுவருவது

1 சென்ட் = 435.6 சதுர அடி = 40.47 சதுர மீட்டர். 100 சென்ட் ஒரு ஏக்கர். 1 ஏர் = 100 சதுர மீட்டர் = 2.47 சென்ட் = 1,076 சதுர அடி. 100 ஏர் ஒரு ஹெக்டேர். சென்னைப் பக்கம் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்ட். தஞ்சைப் பகுதியில் ஒரு மா என்பது ஏறக்குறைய 33 சென்ட். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும், ஆகவே பழைய பத்திரத்தில் 'குழி' வந்தால் அந்தப் பகுதியில் எத்தனை அடிக் கோல் வழக்கத்தில் இருந்தது என்று விசாரித்துத்தான் மாற்ற வேண்டும்.

பட்டாவில் '0 – 12.50' என்றிருந்தால் 0 ஹெக்டேர் 12.50 ஏர். சென்டில் 30.9. இதைப் பன்னிரண்டரை சென்ட் என்று படித்துவிட்டு, 'பத்திரத்தில் 31 சென்ட், பட்டாவில் குறைகிறதே' என்று பதறி வருகிறவர்கள் உண்டு.

பல பழைய பட்டாக்களில் ஏர் எண்கள் .00 என்றோ .50 என்றோதான் முடியும். முழுமையாக்கி எழுதியதன் அடையாளம் அது. கால் ஏர் மேலே கீழே போனாலே 269 சதுர அடி. வயல் நிலத்தில் யாரும் கண்டுகொள்ளாத இந்த வித்தியாசம் மனையானதும் லட்சங்களில் பேசும். பட்டாப் பரப்பை மட்டும் வைத்து 'என் நிலத்தில் 200 சதுர அடியைக் காணோம்' என்று முடிவு கட்டாதீர்கள். புலப்படத்தின் பக்க அளவுகளிலிருந்து கணக்குப் போட்ட பிறகு பேசுங்கள்.

பழைய கைப்பட வரைந்த புலப்படங்களில் அளவு லிங்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியை நூறாகப் பகுத்தால் ஒரு லிங்க், அதாவது 0.66 அடி அல்லது 20.1 செ.மீ. '250' என்று எழுதியிருந்தால் 165 அடி, 50.3 மீட்டர். அதை 250 அடி என்று எடுத்துக்கொண்டு 85 அடியைத் தேடி அலைவது வீண் வேலை.

படி 3: புலப்படத்தைப் படிக்கக் கற்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை நிதானமாகப் படிக்க முடியும் என்றால், இதைப் படியுங்கள்.

தமிழ்நாட்டுப் புலப்படங்கள் மூலைவிட்டமும் செங்குத்தளவும் என்ற முறையில் வரையப்பட்டவை. புலத்தின் நடுவே அல்லது ஓரமாக, ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு ஓடும் நீளமான அளவைக் கோடுகளை ஜி-லைன் என்பார்கள். ஓரம் வளைகிற ஒவ்வொரு இடத்துக்கும் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக ஒரு அளவு எடுத்திருப்பார்கள். அதுதான் ஆஃப்செட். எஃப்-லைன் என்பது புலம் அல்லது உட்பிரிவின் எல்லைக் கோடு. 'எஃப்-லைன் போட்டுக் கொடுங்கள்' என்று ஊரில் சொல்வது இந்த எல்லையைத் தரையில் காட்டச் சொல்வதுதான்.

ஒரு சிறு கணக்கு. கல் 'அ'-விலிருந்து கல் 'ஆ'-வுக்கு 120.0 மீட்டர் ஜி-லைன். 34.2-இல் வலப்பக்கம் 12.6 மீட்டர் ஆஃப்செட். 78.4-இல் வலப்பக்கம் 18.2 மீட்டர். கோட்டுக்கு வலப்பக்கம் உள்ள பரப்பு எவ்வளவு?

முதல் முக்கோணம்: 34.2 × 12.6 ÷ 2 = 215.46
நடுச் சரிவகம்: (12.6 + 18.2) ÷ 2 × 44.2 = 680.68
கடைசி முக்கோணம்: 41.6 × 18.2 ÷ 2 = 378.56

மொத்தம் 1,274.70 சதுர மீட்டர். அதாவது 12.75 ஏர், சுமார் முப்பத்தொன்றரை சென்ட். இடப்பக்கத்துக்கும் இதேபோல் போட்டுக் கூட்டினால் புலத்தின் பரப்பு. வீட்டில் கால்குலேட்டரை வைத்து அரை மணி நேரத்தில் முடியும். பட்டாப் பரப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. இணையத்தில் இறக்கிய புலப்படத்தை ஏ4 தாளில் அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். அச்சில் படம் சுருங்கியிருக்கும். சுருங்காவிட்டாலும் 1:2000 அளவுகோலில் அரை மில்லிமீட்டர்க் கோட்டின் தடிமனே தரையில் ஒரு மீட்டர். படத்தில் எழுதியுள்ள எண்களைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, செல்போனில் செயற்கைக்கோள் படத்தின் மேல் புல எல்லையைப் போட்டுக்காட்டும் அரசுத் தளத்தை எந்த ஊர், எந்தப் பக்கம், பாதை இருக்கிறதா என்று பார்க்கப் பயன்படுத்துங்கள். எல்லையைத் தீர்மானிக்க வேண்டாம். ஒவ்வொரு புலப்படமும் தனித்தனித் தாளில் தன் போக்கில் வரையப்பட்டது. அவற்றை ஒட்டவைத்தபோது விழுந்த இடைவெளியும் மேற்படிவும், போன் ஜி.பி.எஸ்.ஸின் சில மீட்டர்ப் பிழையும் சேர்ந்தால் உங்கள் கிணறே பக்கத்து நிலத்தில் தெரியும்.

படி 4: அரசு அளவரா, தனியாரா?

இரண்டும் வேண்டும், வேறு வேறு வேலைக்கு.

எல்லையை அதிகாரபூர்வமாகக் காட்டுவது நில அளவைத் துறையின் வேலை. பட்டாதாரர் விண்ணப்பித்தால் குறுவட்ட அளவர், ஊர் வழக்கில் ஃபிர்கா சர்வேயர், வந்து அளப்பார். முன்பு வட்டாட்சியர் அலுவலகத்தில்தான் மனு கொடுக்க வேண்டும். 2023 முதல் தமிழ்நிலம் இணையதளத்திலும் பொதுச் சேவை மையங்களிலும் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம். அளக்கும் தேதி உங்களுக்கும் பக்கத்து நிலத்தாருக்கும் அறிவிக்கப்படும். இந்த அறிவிப்புதான் அரசு அளவையின் பலம். பின்னாளில் 'எனக்குத் தெரியாமல் அளந்தார்கள்' என்று யாரும் சொல்ல முடியாது. வாங்குபவர் பெயரில் விண்ணப்பிக்க முடியாது, பட்டாதாரரான விற்பவர்தான் போட வேண்டும். கூட்டுப் பட்டாவில் பங்கு பிரிக்காத நிலமென்றால், உங்கள் பங்கை மட்டும் தனியாக அளந்து காட்டச் சொல்லவும் முடியாது. பாகம் பிரித்து உட்பிரிவு செய்த பிறகுதான் அளப்பதற்கு ஒரு கோடே பிறக்கும்.

தனியார் சர்வேயரின் வரைபடம் வங்கிக்கும் கட்டட வரைபடத்துக்கும் உங்கள் சொந்தத் தெளிவுக்கும் உதவும். அவர் நட்ட கல் பக்கத்துக்காரரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அவர் உங்கள் நேரத்துக்கு வருவார், முழு நிலத்தையும் டோட்டல் ஸ்டேஷனில் (தூரத்தையும் கோணத்தையும் சேர்த்து அளக்கும் மின்னணுக் கருவி) எடுத்து மேடு பள்ளம், மரம், கிணறு, மின்கம்பம் எல்லாம் காட்டிய படம் தருவார். விலை பேசும் முன் தனியார், முன்பணத்துக்கும் கிரயத்துக்கும் இடையில் அரசு அளவர் என்பது நல்ல வரிசை. பெரிய நிலத்தில் இரண்டு பேரையும் ஒரே நாளில் நிற்கவைத்தால் இன்னும் நல்லது. அரசு அளவர் காட்டும் புள்ளியைத் தனியார் உடனே கருவியில் பதிந்துகொள்வார்.

படி 5: தனியார் சர்வேயரிடம் என்ன கேட்பது

'ஏக்கருக்கு எவ்வளவு?' என்று மட்டும் கேட்டால் ஏக்கர் கணக்குக்கான வேலைதான் கிடைக்கும். இவற்றை முன்கூட்டியே வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

எந்தக் கருவி? 10 சென்ட் காலி மனைக்கு நல்ல எஃகு டேப்பே போதும். கட்டடங்களும் மரங்களும் நடுவில் இருந்தால் டோட்டல் ஸ்டேஷன். பல ஏக்கர் வெட்டவெளி என்றால் ஆர்.டி.கே. முறை டி.ஜி.பி.எஸ். (செயற்கைக்கோள் அளவை உடனுக்குடன் திருத்தித் தரும் கருவி), அது திறந்த வானத்தின் கீழ் ஓரிரு செ.மீ. துல்லியம் தரும். தென்னந்தோப்புக்குள்ளும் அடுக்குமாடிகளுக்கு இடையிலும் அதே கருவி தடுமாறும். 'டி.ஜி.பி.எஸ். வைத்து அளந்தேன்' என்பதே சான்று ஆகாது. கருவி நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும். அந்த இடம்தான் எல்லையா என்று புலப்படமும் கல்லும்தான் சொல்ல வேண்டும்.

எந்தக் கற்களிலிருந்து தொடங்கினார்? இதை வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள். புலப்பட அளவு ஒரு பத்தியில், தரையில் வந்த அளவு பக்கத்தில், வித்தியாசம் அதற்கடுத்து. இந்த அட்டவணை இல்லாத வரைபடம் வெறும் ஓவியம்.

என்னென்ன தருவார்? பி.டி.எஃப். மட்டும் போதாது, கேட் (CAD) கணினி வரைபடக் கோப்பும் மூலைகளின் ஆயத்தொலைவுப் பட்டியலும் வேண்டும். எந்த யு.டி.எம். மண்டலம் (ஆயத்தொலைவுகளுக்காக உலகைப் பிரித்த பட்டைகளில் ஒன்று) என்று எழுதியிருக்க வேண்டும். கிழக்கு 78 பாகைக் கோடு தமிழ்நாட்டை இரண்டாக வெட்டுகிறது. கோவை, நெல்லை, திண்டுக்கல் 43-ஆம் மண்டலம். மதுரை, திருச்சி, சென்னை 44. மண்டலம் எழுதாத பட்டியலை ஐந்து வருடம் கழித்து எடுத்துப் பார்க்கிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

கட்டடம் கட்டப் போகிறீர்கள் என்றால், மூலைக்கற்களைத் தவிர வேலை நடக்கும்போது அழியாத இரண்டு நிலைப்புள்ளிகளையும் (சிமென்ட் கட்டையில் ஆணி அடித்தால் போதும்) வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

படி 6: அளக்கும் முன்

நெல் நிற்கும்போது அளக்க வேண்டாம். வரப்பில் மட்டும் நடந்து எடுத்த அளவு வரப்பின் அளவாகத்தான் இருக்கும், எல்லையின் அளவாக அல்ல. அறுவடை முடிந்த பிறகு, கோடையில், கருவேல முள்ளை வெட்டிய பிறகு அளப்பது நல்லது. பார்வைக்கோடு போகிற இடங்களில் மூன்றடி அகலத்துக்காவது புதரை ஒதுக்கிவையுங்கள்.

கல்லைத் தேடுவது உங்கள் வேலை. 1923-ஆம் வருட நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி எல்லைக் கல்லைப் பராமரிக்கும் பொறுப்பு நிலத்தாருக்குத்தான். புலப்படத்தில் கல் காட்டிய மூலைகளில், வரப்புக்கு அடியில், ஓரடி ஒன்றரை அடி ஆழம் வரை கடப்பாரை விட்டுப் பாருங்கள். மண் ஏறிப் புதைந்து கிடக்கும் கல் நிறைய. வயதானவர்கள் 'அத்துக்கல் அந்தப் பனைமரத்துக்கு மேற்கே' என்று சரியாகச் சொல்வார்கள். கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் அறிந்த கற்கள் இருக்கும். குறிப்பாக மூன்று புலமோ மூன்று கிராமமோ சந்திக்கும் இடத்துக் கல். அதை டிரைஜங்ஷன் கல் என்பார்கள். பல பேருக்குப் பொதுவானதால் அதை அவ்வளவு எளிதில் யாரும் நகர்த்த மாட்டார்கள்.

பக்கத்து நிலத்தாரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். நோட்டீஸ் மட்டும் போனால் வம்புக்கு வருகிறான் என்று நினைப்பார்கள். 'அண்ணே, வியாழக்கிழமை அளக்கிறோம், நீங்களும் கூட நின்னு பாத்துக்குங்க' என்ற ஒரு பேச்சு பல வழக்குகளைத் தடுத்திருக்கிறது.

படி 7: அளக்கும் நாளில் எதைக் கவனிப்பது

சர்வேயர் வந்ததும் உங்கள் மூலையில் டேப்பை வைத்தால் நிறுத்துங்கள். முதல் வேலை, புலத்தில் மிஞ்சியுள்ள பழைய கற்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சரிபார்ப்பது. குறைந்தது மூன்று கல். 'அ'-வுக்கும் 'ஆ'-வுக்கும் புலப்படத்தில் 142.6 மீட்டர், தரையில் 142.5 என்றால் இரண்டையும் நம்பலாம். 140.9 வந்தால் இரண்டில் ஒன்று நகர்ந்திருக்கிறது. எது என்று மூன்றாவது கல்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டே கல்லை வைத்து அளக்கும்போது இந்தத் தவறு வெளியே தெரியவே தெரியாது.

காணாமல்போன கல்லின் இடத்தை இரண்டு நல்ல கற்களிலிருந்து புலப்படத் தூரங்களை வில்போல் வீசி, வெட்டும் புள்ளியில் பிடிப்பார்கள். இரண்டு கோடும் சந்திக்கும் கோணம் 60 முதல் 120 பாகைக்குள் இருந்தால் புள்ளி உறுதியாக விழும். 20 பாகைபோல் ஒட்டினாற்போல் வெட்டினால் டேப்பில் 5 செ.மீ. பிழை தரையில் பல மடங்காகும். அந்த மாதிரி வந்தால் வேறு கல்லிலிருந்து இன்னொரு தூரம் எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கிருந்து தொடங்கக் கூடாது? சாலை ஓரம், பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட், வாய்க்கால் கரை, மின்கம்பம். சாலை அகலமாகியிருக்கும், வாய்க்கால் ஒரு கரையை அரித்து மறு கரையில் மண் சேர்த்திருக்கும், காம்பவுண்டைக் கட்டியவர் அளந்தா கட்டினார்?

அடிக்கடி நடக்கும் கைப்பிழைகள் சில:

ஆஃப்செட்டைக் கண்ணால் பார்த்துச் செங்குத்து என்று எடுப்பது. 18.2 மீட்டர் ஆஃப்செட்டில் 5 பாகை சாய்ந்தால் புள்ளி கோட்டின் போக்கில் 1.6 மீட்டர் தள்ளி விழும். ஐந்தடிக்கு மேல்! செங்குத்தைக் காட்டும் குறுக்குக்கோல், பிரிசம் அல்லது டோட்டல் ஸ்டேஷன் இல்லாமல் நீண்ட ஆஃப்செட் எடுக்கக் கூடாது.

சரிவில் டேப்பைத் தரையோடு இழுப்பது. புலப்பட அளவு கிடைமட்ட அளவு. 10 பாகைச் சரிவில் 30 மீட்டர் இழுத்தால் உண்மையான கிடைமட்டத் தூரம் 29.54 தான். ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரி மனைகளில் 'நிலம் குறைகிறது' என்ற புகார்களில் ஒரு பங்கு இப்படிப் பிறந்தது.

எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்குவது. தரகர்களுக்கு மிகப் பிடித்த கணக்கு இது. நான்கு மூலையும் நேர்க்கோணமாக இல்லாத மனையில் இந்தக் கணக்கு எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறையாது. 40-க்கு 60 மனை, ஒரு மூலை 70 பாகை என்று வையுங்கள். பெருக்கினால் 2,400 சதுர அடி. உண்மையில் 2,255. சதுர அடி 3,000 ரூபாய் என்றால் நாலே கால் லட்சத்துக்கு மேல் காற்றுக்குக் கொடுத்ததாகும். மனைக்கு நான்கு பக்கம் போதாது, ஒரு மூலைவிட்டமாவது அளந்து இரண்டு முக்கோணமாகக் கணக்குப் போட வேண்டும்.

மூலைவிட்டம் இன்னொன்றும் காட்டும். 30-க்கு 40 மனையின் மூலைவிட்டம் 50 அடி. அளந்தால் 48 வருகிறது என்றால் பரப்பில் 4 சதுர அடிதான் குறையும், ஆனால் மனை கோணலாகி ஒரு மூலை இரண்டரை அடி நகர்ந்திருக்கும். கட்டடத்துக்குப் பக்க இடைவெளி விடும்போது அந்த இரண்டரை அடி கழுத்தைப் பிடிக்கும்.

முழுப் புலமும் தரையில் சற்றுக் குறைந்தால் என்ன செய்வது? 120 மீட்டருக்கு 60 செ.மீ. குறைகிறது, வரிசையாக நான்கு உட்பிரிவு என்றால், அந்தக் குறைவை நான்கு பேருக்கும் நீள விகிதத்தில் பகிர்வதே முறை. ஒரு முனையிலிருந்து முழு அளவாகக் கொடுத்துக்கொண்டே போய்க் கடைசி ஆள் தலையில் மொத்தக் குறைவையும் இறக்குவது தவறு. நீங்கள் கடைசி ஆளாக இருந்தால் இரண்டு முனையிலிருந்தும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

படி 8: கல் நட்ட பிறகு

புதுக் கல்லை அன்றைக்கே சிமென்ட் போட்டு இறுக்குங்கள். பின்னால் தெரியும் நிலையான ஏதாவது ஒன்றோடு (வீடு, கிணற்றுச் சுவர், கோயில் மூலை) சேர்த்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு கல்லிலிருந்தும் அப்படி இரண்டு நிலையான பொருள்களுக்கு உள்ள தூரத்தைக் குறித்துவையுங்கள். கல் போனாலும் பத்து நிமிடத்தில் இடத்தைத் திரும்பப் பிடித்துவிடலாம். வந்திருந்த பக்கத்து நிலத்தாரிடம் அளவை நடந்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். அரசு அளவர் தரும் அறிக்கையும் வரைபடமும் கைக்கு வராமல் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம்.

வேலி உங்கள் பக்கம்தான் போக வேண்டும். சுவரென்றால் அடித்தளம்கூட எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது. மேலே 9 அங்குலச் சுவர் சரியாக நின்றாலும் கீழே 2 அடி அகலக் கடைக்கால் பக்கத்து நிலத்துக்குள் நீண்டால் அதுவும் ஆக்கிரமிப்புதான்.

முடிவு பிடிக்காத பக்கத்து நிலத்தார் மேலளவை கேட்கலாம். அப்போது வட்டத் துணை ஆய்வாளர் போன்ற மேல்நிலை அளவர் வந்து திரும்ப அளப்பார். அளக்கவே விடாமல் தடுத்தால் காவல்துறைப் பாதுகாப்போடு அளக்க மனு கொடுக்கலாம். பிரச்சினை உரிமையைத் தொட்டுவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே நீதிமன்றம் வக்கீல் ஆணையரை நியமித்து, சர்வேயர் உதவியோடு அளந்து அறிக்கை கேட்கும். அந்த அளவையின்போதும் மேலே சொன்ன மூன்று கல் சோதனையைச் செய்யச் சொல்லி உங்கள் தரப்பு வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள். அறிக்கை வந்த பிறகு ஆட்சேபிப்பதைவிட இது எளிது.

கல்லெல்லாம் சரி, பதிவுதான் தவறு என்றால் வழி வேறு. யு.டி.ஆர். காலத்தில் பெயரோ பரப்போ மாறி விழுந்திருந்தால் அதற்கு முந்தைய ஆவணங்களோடு வருவாய்க் கோட்டாட்சியரிடம் திருத்த மனு கொடுக்க வேண்டும். எத்தனை தடவை அளந்தாலும் தப்பான புலப்படத்திலிருந்து தப்பான எல்லைதான் வரும்.

வாங்குபவருக்குப் பணமும் அளவும் போக வேண்டிய வரிசை

முன்பண ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: 'நில அளவர் அளந்து காட்டும் பரப்புக்கே சென்ட் ஒன்றுக்கு இவ்வளவு வீதம் விலை கணக்கிடப்படும்.' இந்த வரியை மறுக்கிற விற்பவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அளவை முடியும்வரை முன்பணம் சிறியதாகவே இருக்கட்டும்.

கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் புல எண், உட்பிரிவு எண், பட்டா எண், நான்கு எல்லை, நான்கு பக்கத்தின் தனித்தனி நீளம், பரப்பு சதுர அடியிலும் சதுர மீட்டரிலும், எல்லாம் வர வேண்டும். நான்கு எல்லையை எழுதும்போது பழைய பத்திரத்தைப் பார்த்து 'வடக்கே இன்னார் நிலம்' என்று நகலெடுக்காதீர்கள், அந்த இன்னார் முப்பது வருடம் முன்பே விற்றிருப்பார். இன்றைய உட்பிரிவு எண்ணைப் போடுங்கள். நான்கு எல்லை ஒரு நிலத்தைத் தெளிவாகக் காட்டி, பரப்பு எண் மட்டும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையைத்தான் ஏற்கின்றன. ஆகவே பரப்புக்குச் செலவிடும் கவனத்தைவிட எல்லை வரிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. அளவை வரைபடத்தைப் பத்திரத்தோடு இணைத்தே பதியுங்கள்.

பாதை இருக்கிறதா என்பதையும் அதே நாளில் அளவர் முன்னிலையில் முடிவு செய்யுங்கள். தரையில் 20 அடி மண்சாலை தெரியும். புலப்படத்தில் அது பட்டா நிலமாக இருக்கும், விற்பவர் அண்ணன் தயவில் விட்ட வழி. வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று 'அ' பதிவேட்டில் இருக்கிறதா, அங்கீகரித்த மனைப்பிரிவில் சாலையாகக் காட்டி உள்ளாட்சிக்கு ஒப்படைத்திருக்கிறார்களா, இல்லையென்றால் பதிவான வழிப்பாத்திய உரிமை (அடுத்தவர் நிலம் வழியே போய்வரும் உரிமை) இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்றும் இல்லையென்றால், நிலம் எத்தனை சென்ட் என்று அளப்பதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

முழுப் புலத்தில் ஒரு பகுதியை மட்டும் வாங்கினால், பதிவு முடிந்ததும் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாற்றத்துக்கு உடனே விண்ணப்பியுங்கள். உங்கள் எல்லை புலப்படத்தில் ஒரு கோடாக ஏறுவது அப்போதுதான். அளவர் உட்பிரிவுக்கு வரும் நாளில் கிரயத்துக்கு முன் நட்ட கற்கள் அப்படியே இருக்க வேண்டும், நீங்களும் அங்கே இருக்க வேண்டும். புதுப் பட்டா இணையத்தில் ஏறியதும் பரப்பை மட்டும் பார்த்து மூடிவிடாமல், புதிய புலப்படத்தையும் இறக்கி, பக்க அளவுகளைப் பத்திரத்தின் நான்கு எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எண் இடம் மாறி விழுந்திருந்தால் அந்த வாரமே மனு கொடுத்துவிடுங்கள்.